பூனைக்கு வயிற்றுக் கோளாறா? மலப் பரிசோதனை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு உரிமமும் நுண்சில்லும் இருக்க வேண்டும். முன்பு அனுமதியில்லாமல் வளர்த்தவர்களில் சிலர், பூனைக்கு உடம்பு சரியில்லாதபோது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லத் தயங்கியிருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கு இப்போது இடமில்லை.

பூனை உரிமையாளர்கள் மருத்துவரை நாடுவதற்கான பொதுவான காரணங்களில் ஒன்று வயிற்றுப்போக்கு. மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, “மலம் கொண்டுவந்திருக்கிறீர்களா?” என்பதுதான். கேட்கச் சற்றுச் சங்கடமாக இருந்தாலும், ஒரு தேக்கரண்டி மலம் பல நாள் குழப்பத்தைத் தீர்த்துவிடக்கூடும். ஆனால் அதைச் சரியாகச் சேகரிக்காவிட்டால், பரிசோதனைக்குச் செலவிட்ட பணம் வீணாகும். தவறான நிம்மதியும் கிடைத்துவிடும். இந்தக் கையேடு மலத்தை எப்படிச் சேகரிப்பது, ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது, முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை விளக்குகிறது. வீட்டில் குழந்தை, கர்ப்பிணி அல்லது முதியவர் இருந்தால், அவர்களைப் பற்றிய பகுதியையும் தவறாமல் படியுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் வளர்ந்த பூனைக்கு ஒரு நாள் மலம் இளகிப் போனால் பதற வேண்டியதில்லை. உணவை திடீரென்று மாற்றினாலும், பால் கொடுத்தாலும் இப்படி ஆகலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூனை என்றாலே பால் என்று நாம் நினைத்துக்கொள்வது வேறு விஷயம்.

கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் மலம் சேகரிக்கும் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்: தொடர்ந்து வாந்தி, சோர்ந்து ஒளிந்துகொள்ளுதல், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருத்தல், மலத்தில் நிறைய இரத்தம், தார் போன்ற கரிய மலம். குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் நேரம் இன்னும் குறைவு. சின்ன உடம்பிலிருந்து நீர் வேகமாக வெளியேறிவிடும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், பூனைகளின் வெள்ளணுக்குறைவு நோயாக இருக்கலாம். அது சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய கிருமித்தொற்று.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கினால், மலச்சிக்கல் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தாலும் பூனை அப்படித்தான் முக்கும். சிறுநீர் அடைப்பு உடனே கவனிக்க வேண்டிய அவசர நிலை. தட்டில் சிறுநீர்க் கட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவானாலும் அவசரச் சிகிச்சை தரும் மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைப் போக்கிவிடலாம். மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது.

மலத்தை எப்படிச் சேகரிப்பது?

புதிய மலம் வேண்டும். அன்று காலையில் போனதாக இருந்தால் நல்லது. ஒரு தேக்கரண்டி அளவு போதும். கையுறை அணிந்து, சுத்தமான கரண்டியால் எடுத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். மணல் ஒட்டாத உட்பகுதியை எடுக்க முயலுங்கள். கட்டியாகும் வகை மணல் ஈரத்தை உறிஞ்சிவிடும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கும் அது இடைஞ்சல். மலம் தண்ணீராகப் போனால், தட்டின் அடியில் பிளாஸ்டிக் தாளை விரித்து மணலை மிகக் குறைவாகத் தூவி வையுங்கள்.

டப்பாவின் மேல் பூனையின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

உடனே கொண்டு செல்ல முடியாவிட்டால், டப்பாவை இரண்டு பைகளில் போட்டுக் கட்டி, உணவிலிருந்து தள்ளிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். 24 மணி நேரத்துக்குள் ஒப்படைத்துவிடுங்கள். உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் கிருமிகளின் உருவம் சிதைந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். நம் ஊர் வெப்பத்தில் பால்கனியிலோ காரிலோ வைப்பதும் சரியல்ல. கொக்கிப்புழுவின் முட்டைகள் வெப்பத்தில் விரைவாகப் பொரிந்துவிடும். பிறகு முட்டையைத் தேடுபவர் எதைக் கண்டுபிடிப்பார்?

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மலத்தில் நீந்தும் உயிருள்ள ஒட்டுண்ணியை மருத்துவர் தேட விரும்பினால், குளிரூட்டாத, சூடு ஆறாத மலம் தேவைப்படும். டிரைட்ரிக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி அப்படிப்பட்டது. குளிரில் அது இறந்துவிடும். ஆகவே மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து, “குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இத்தகைய சந்தேகம் இருக்கும்போது, மருத்துவரே மருந்தகத்தில் சிறிதளவு மலத்தை நேரடியாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் எது யாருடைய மலம் என்ற கேள்வி வரும். ஒரு பூனையை ஓர் இரவு மட்டும் தனி அறையில், தனித் தட்டோடு வைத்துவிடுங்கள். தவறான பூனையின் மலத்தைச் சோதித்து முடிவுக்காகக் காத்திருப்பதைவிட இது எளிது.

மலத்தோடு ஒரு சிறு குறிப்பும் கொண்டு செல்லுங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, புதிய உணவு ஏதும் கொடுத்தீர்களா, கடைசியாகப் புழு மருந்து கொடுத்தது எப்போது, வேறு மருந்துகள் கொடுக்கிறீர்களா என்பதெல்லாம் உதவும். கிருமிக்கொல்லி மருந்து ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாக்டீரியா வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு மாறக்கூடும். முடியுருண்டைக்காகத் தரும் எண்ணெய்ப் பசையும் நுண்ணோக்கிப் பரிசோதனையைக் குழப்பும். கைத்தொலைபேசியில் மலத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், மருத்துவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். அடிக்கடி, சிறிது சிறிதாக, சளியும் செந்நிற இரத்தமும் கலந்து போனால் கோளாறு பெருங்குடலில் இருக்க வாய்ப்பு அதிகம். அளவு அதிகமாகப் போய், எடையும் குறைந்தால் சிறுகுடலைச் சந்தேகிப்பார்கள். அந்த ஒரு படமே அடுத்த பரிசோதனை எது என்று தீர்மானிக்க உதவலாம்.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

மலப் பரிசோதனை என்பது ஒரே பரிசோதனை அல்ல. மருத்துவர் எதைச் சந்தேகிக்கிறாரோ அதற்கேற்ப முறை மாறும்.

அதிகம் செய்யப்படுவது மிதவைப் பரிசோதனை. கோழி முட்டை வெறும் தண்ணீரில் மூழ்கும். நிறைய உப்புக் கரைத்தால் மிதக்கும். அதே தத்துவம்தான். புழு முட்டைகள் தண்ணீரைவிடக் கனமானவை. மலத்தைத் துத்தநாக சல்பேட் போன்ற அடர்த்தியான கரைசலில் கலந்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். கசடு அடியில் தங்கும். முட்டைகள் மேலே மிதந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, உருண்டைப்புழுவா, கொக்கிப்புழுவா, குட்டிகளுக்கு வரும் காக்சிடியாவா என்று சொல்வார்கள். இயந்திரத்தில் சுழற்றாமல் வெறுமனே மிதக்க விட்டால் முட்டைகள் பல தவறிவிடும். எனவே எந்த முறையில் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

எல்லாமே மிதப்பதில்லை. வீட்டுப் பூனைகள் பல்லி பிடித்துத் தின்பதை நாம் பார்த்திருக்கிறோம். வெப்ப நாடுகளில் பல்லி வழியாகப் பூனையின் ஈரலுக்கும் பித்த நாளத்துக்கும் பரவும் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. பல பூனைகளிடம் எந்த அறிகுறியும் தெரியாது. புழுக்கள் அதிகமானால் பசியின்மை, வாந்தி, மஞ்சள் காமாலை என்று முற்றலாம். இதன் முட்டை கனமானது. அதைத் தேட மலத்தைக் கரைத்து அடியில் படிய விடும் படிவுப் பரிசோதனை தேவை. உங்கள் பூனை பல்லி வேட்டைக்காரன் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் இந்தப் பரிசோதனையைக் கேட்காமல் போகலாம்.

நாடாப்புழுவும் மிதவையில் அடிக்கடி தப்பிவிடும். அதன் துண்டுகள் முட்டைகளைச் சுமந்தபடி முழுசாக வெளியேறுவதே காரணம். பூனையின் ஆசனவாயைச் சுற்றியோ அது படுக்கும் துணியிலோ அரிசி போன்ற வெண்துண்டுகளைக் கண்டால் அதுவே போதுமான சான்று. ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். இவ்வகை நாடாப்புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் மீண்டும் வரும். (நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். அவற்றில் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.)

ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணிக்குச் சிறு கருவியில் செய்யும் விரைவுப் பரிசோதனை உண்டு. மருந்தகத்திலேயே சுமார் 10 நிமிடங்களில் முடிவு தெரியும். வெள்ளணுக்குறைவு நோய்க்கும் இதுபோன்ற விரைவுப் பரிசோதனை பயன்படுத்தப்படுகிறது. அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அதிலும் தவறாக ‘உண்டு’ என்று காட்டக்கூடும் என்பதால், தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொரு முறை மரபணுப் பரிசோதனை. கொவிட்-19 காலத்தில் நாம் எல்லாரும் கேள்விப்பட்ட பிசிஆர் முறைதான் இது. ஒரே மாதிரியில் பல கிருமிகளைத் தேடலாம். டிரைட்ரிக்கோமோனாஸைக் கண்டுபிடிக்க இது மிகவும் உதவும். பல பூனைகள் நெருங்கி வாழ்ந்த இடத்திலிருந்து வந்த இளம் பூனைக்கு நாள்கணக்கில் நாற்றமுள்ள வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவர் இதைச் சிந்திப்பார். செலவு மற்ற முறைகளைவிட அதிகம். எல்லாப் பூனைக்கும் முதல் நாளே இது தேவையில்லை.

‘எதுவும் இல்லை’ என்று வந்தால்?

‘அன்றைய மாதிரியில் தென்படவில்லை’ என்று மட்டுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜியார்டியா தினமும் வெளியேறாது. சில நாள் வரும், சில நாள் வராது. அதனால் சில நாள்களுக்குள் மூன்று மாதிரிகள் கேட்பார்கள். மருந்தகம் பணம் பிடுங்குகிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

குட்டிகளைப் பொறுத்தவரை, உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். ஆனால் அது குடலில் வளர்ந்து முட்டையிடப் பல வாரங்கள் ஆகும். அதுவரை பரிசோதனை ‘இல்லை’ என்றே சொல்லும். இதனால்தான் குட்டிகளுக்குப் பரிசோதனை முடிவு எப்படி இருந்தாலும், சில வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

‘உண்டு’ என்று வந்தால் அதுதான் காரணமா?

எப்போதும் அப்படி இல்லை. உரிமையாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஆரோக்கியமான பூனையின் மலத்திலும் சில வகை பாக்டீரியாக்கள் இருக்கும். பூனைக் குடல் கொரோனா கிருமியும் நலமாக உள்ள பல பூனைகளிடம் காணப்படுகிறது. மலத்தில் அது இருப்பதை மட்டும் வைத்து, பூனைக்கு ஆபத்தான வயிற்றுறை அழற்சி நோய் வந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. இணையத்தில் தேடிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்கும் உரிமையாளருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதருக்கு வரும் கொவிட்-19 கிருமியும் இதுவும் வெவ்வேறு.

பச்சை இறைச்சி கொடுக்கும் வீடுகளில் சால்மொனெல்லா தென்பட்டால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூனைக்கு அறிகுறி இல்லாவிட்டாலும், அதன் தட்டையும் கிண்ணத்தையும் கழுவும் உங்களுக்குத் தொற்றலாம். ஈரச்சந்தையில் வாங்கும் கோழியையும் மீனையும் பூனைக்கும் வேகவைத்தே கொடுங்கள் என்பது எங்கள் ஆலோசனை.

கர்ப்பிணி, குழந்தை, முதியவர் உள்ள வீடுகள்

மருமகள் கருவுற்றதும் பூனையை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லும் வீடுகள் பல. அந்த அச்சத்துக்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. கர்ப்பக் காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பூனையைக் கைவிட வேண்டியதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பூனை பெரும்பாலும் தன் முதல் தொற்றின்போது மட்டுமே, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை, இந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றும். வெளியேறிய உடனே அது தொற்றாது. தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். கணவரோ வேறொருவரோ அந்த வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். கர்ப்பிணியே செய்ய வேண்டிய நிலை என்றால், கையுறை அணிந்து செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருந்து, பொட்டல உணவோ வேகவைத்த உணவோ மட்டும் சாப்பிடும் பூனைக்கு இந்தத் தொற்று வருவதற்கான வாய்ப்பு குறைவு. நன்றாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்ட மண் ஆகியவை வழியாகவும் மனிதருக்கு இது வரும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

“அப்படியானால் பூனையின் மலத்தைச் சோதித்துவிடலாமே?” என்று கேட்கலாம். இதற்கு மட்டும் மலப் பரிசோதனை அவ்வளவாக உதவாது. கிருமி வெளியேறும் அந்தச் சில வாரங்களில் சோதித்தால்தான் தெரியும். இன்று ‘இல்லை’ என்பது அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் அல்ல. கர்ப்பிணி தமது இரத்தப் பரிசோதனை பற்றித் தமது மகப்பேற்று மருத்துவரிடம் கேட்பதே பயனுள்ளது.

தவழும் குழந்தைகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது உருண்டைப்புழு. இதன் முட்டை வெளியே வந்து, தொற்றும் நிலையை அடையச் சில வாரங்கள் ஆகும். அதனால் புதிய மலத்தைவிட, மலம் கலந்து பல நாளான மண்ணும் மணலும்தான் ஆபத்து. மணல் தட்டைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விளையாட்டிடத்திலிருந்து திரும்பியதும் குழந்தையின் கைகளைக் கழுவுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையும். புல்வெளியில் நடந்த பிறகு காலில் வளைந்து வளைந்து செல்லும் அரிப்புத் தடம் தெரிந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

நீரிழிவோ புற்றுநோய்ச் சிகிச்சையோ காரணமாக எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், அதைக் கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். அவர் கேட்கும் பரிசோதனைகளும் தரும் ஆலோசனையும் அதற்கேற்ப மாறலாம். பூனையைப் பார்த்துக்கொள்பவர் இல்லப் பணிப்பெண் என்றால், கையுறையும் கை கழுவும் முறையும் அவருக்கும் சொல்லித்தரப்பட வேண்டும்.

மலத்தில் தெரியாதவை

வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால், தைராய்டு மிகைச் சுரப்பாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். கணையக் கோளாறும் சிறுநீரக நோயும் இரத்தத்தில்தான் தெரியும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, மருத்துவர் சொல்லும் ஒரே வகை உணவை மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாள்பட்ட குடல் அழற்சியையும் குடல் புற்றுநோயையும் வேறுபடுத்தக் குடல் திசுவையே எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கலாம். மலத்தில் எதுவும் இல்லை என்பதால் பூனை நடிக்கிறது என்று ஆகிவிடாது.

மனிதர்களுக்கான குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் கருவியை, அதாவது 50 வயதைக் கடந்தோர் வீட்டிலேயே மலம் எடுத்து அனுப்பும் ‘ஃபிட்’ கருவியை, பூனைக்குப் பயன்படுத்த முடியாது. அது மனித இரத்தத்தைக் கண்டறியவே உருவாக்கப்பட்டது. அதை உங்களுக்காகப் பயன்படுத்துங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

மலம் கெட்டிப்பட்டதும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மறுபரிசோதனை எப்போது, எந்த முறையில் என்று மருத்துவரிடம் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜியார்டியா விரைவுப் பரிசோதனை, பூனை குணமான பிறகும் சில காலம் ‘உண்டு’ என்று காட்டலாம். அதனால் மருத்துவர் மீண்டும் நுண்ணோக்கியில் பார்க்க விரும்பலாம்.

சிகிச்சை நடக்கும் நாள்களில் மணலை முழுவதுமாக மாற்றி, தட்டைச் சுடுநீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம்தான் ஜியார்டியாவுக்குத் துணை. பூனையின் பின்பக்க முடியில் ஒட்டிய மலத்தையும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். இல்லாவிட்டால் நக்கும்போது கிருமி மீண்டும் வயிற்றுக்குள் போகும். வீட்டிலுள்ள மற்றப் பூனைக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அதன் மலத்தையும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பயன்படுத்திய மணலைக் கழிப்பறைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டு, சோப்பால் கை கழுவுங்கள்.